ஒத்தத்துடுப்பு வீட்டார்

திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில் எத்திராஜ் வீட்டுக்கு வம்சப் பேர் ‘ஒற்றைத்துடுப்பார்’. அது கோயில் கல்வெட்டில் இருக்கும் பேர். ஊர் வாயில் ‘ஒத்தத்துடுப்பு’தான். எப்படிச் சொன்னாலும் எத்திராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

பேர் வந்த கதையைக் கேட்காதவரையும் நிறுத்திவைத்துச் சொல்வார். அவருடைய பூட்டன் புயலில் மாட்டினாராம். திமிங்கலம் ஒரு துடுப்பை விழுங்கியதாம். மிச்சமிருந்த துடுப்பால் அதன் மூஞ்சியில் ஒரு போடு போட்டுவிட்டுக் கரை சேர்ந்தாராம். கல்யாணத்துக்குக் கல்யாணம் அந்தத் திமிங்கலம் ஒரு முழம் வளரும். விட்டால் துறைமுகத்துக்குள்கூட அடங்காது.

மகள் ஜோதிகா எண்ணூர்ப் பையன் நிதிஷை விரும்பினாள். நிச்சயம் கூடியது. தட்டு மாற்றுமுன் அவரவர் வீட்டுப் பேரையும் அது வந்த விதத்தையும் சபையில் சொல்வது வழக்கம். எத்திராஜ் திமிங்கலத்தை அவிழ்த்துவிட்டார்.

நிதிஷின் பாட்டி செல்லம்மா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.

“துடுப்ப முழுங்குச்சு, சரி நைனா. கூடப் போன எங்க தாத்தாவ இன்னாத்துக்கு முழுங்குச்சு?”

சிரித்த சபை, அவள் முகத்தைப் பார்த்து அடங்கியது.

“ஒங்க பூட்டனுக்கு மச்சான் அவரு. தண்ணில வுழுந்து கத்திகினு கீறாரு. துடுப்ப நீட்டியிருந்தா பொயச்சிருப்பாரு. கட்டுமரம் கவுந்துடும்னு நீட்டல. கரையேறி அத ஒங்க பூட்டனே அழுதுகினு சொன்னாரு. ஒத்தத் துடுப்போட தனியா வந்தவருக்கு எங்க ஆயா காறித்துப்பி வெச்ச பேருய்யா இது. திமிங்கலம் நீங்க வுட்டது. பொண்ண வேணாம்னு சொல்லல. நடந்தத ஒன் வாயால சொல்லு, தட்ட மாத்திக்கலாம்.”

எத்திராஜுக்குத் தெரியும். அப்பா ஒருநாள் போதையில் உளறியிருந்தார்.

“சொல்லேம்ப்பா, நீயா பண்ண?” என்றாள் ஜோதிகா.

குப்பமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“திமிங்கலம்தான்,” என்றார் எத்திராஜ்.

பழத்தட்டுகள் வந்த வேனிலேயே எண்ணூருக்குத் திரும்பின.

தை பிறந்ததும் ஜோதிகா தானே எண்ணூர் போனாள். அந்த ஊர்ச் சபையில் நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னாள். செல்லம்மா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாளாம். கல்யாணத் தேதி குப்பத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. எத்திராஜிடம் யாரும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று காலை வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாய் அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றார். எண்ணூர் வண்டி வந்தது. ஏறினால் அங்கே போய் வாயைத் திறக்க வேண்டும். நடத்துநர் விசிலடித்தார், வண்டி போயிற்று. அடுத்ததும் போயிற்று. வெயில் ஏறியதும் எத்திராஜ் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டினார்.