மூன்றாவது ஓலை

வாழ்க்கையில் எதற்கு முதலிடம் கொடுப்பது என்று என் அப்பாவிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே சொல்லிவிடுவார். பாறசாலையில் எங்களுக்குக் கருப்பட்டி மொத்தக்கடை. சரக்கெடுக்க வந்தவர், வழி விசாரிக்க வந்தவர், மழைக்கு ஒதுங்கியவர் என்று எவர் அகப்பட்டாலும் சரி, வலது கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு தொடங்கிவிடுவார்.

"மக்கா, தொழிலு பெருவிரலாக்கும். அது இல்லாம ஒண்ணையும் பிடிக்க முடியுமா? அடுத்தது பேரு. அதுக்குப் பொறவு வீடு. பின்னே தேகசுகம். பாக்கி எல்லாம் சுண்டுவிரலுல நிக்கட்டு."

அக்காவும் நானும் அந்தப் பாக்கி. அம்மா வீட்டோடு சேர்த்தியா, சுண்டுவிரலோடு சேர்த்தியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். கடைக்காரன் சொல்வதற்குத் தலையாட்டினால் எடையில் கொஞ்சம் தாராளம் காட்டுவான் என்ற நம்பிக்கைதான், வேறென்ன.

எல்லைப் போராட்டம் சூடு பிடித்த வருஷங்கள் அவை. மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைப் பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம். ஒரு பிடி மண்ணையும் விடமாட்டோம் என்று இன்னொரு கூட்டம். எங்கள் ஊரோ நட்டநடுவில். சிலர் அதற்காக அடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். என் அப்பா இரண்டு பக்கக் கூட்டத்துக்கும் போனார். பாறசாலையில் தமிழ்க் கூட்டத்தில் முன்வரிசை, நெய்யாற்றின்கரையில் மலையாளக் கூட்டத்திலும் முன்வரிசை. இரண்டிலும் ஒரே மாதிரி கைதட்டினார். கடைக்குத் தமிழில் ஒரு பலகை இருந்தது. அதைக் கழற்றிச் சுவரோடு திருப்பிச் சாய்த்து வைத்தார். எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்த பிறகு எந்த எழுத்தில் எழுதுவது என்று முடிவு செய்வாராம். அதுவரை கடைக்குப் பெயரே இல்லை. பெயர் இரண்டாவது விரல் என்று சொன்ன அதே மனிதர்தான்.

பெருவிரலின் கதையும் அதுதான். மழைக்காலத்தில் கருப்பட்டி வியர்க்கும். அடுப்புப் புகை படும்படி பரணில் ஏற்றி, அடிக்கடி திருப்பி வைக்காவிட்டால் இளகி ஒழுகிவிடும். இவர் தொழிலின் எதிர்காலத்தைப் பேசக் கூட்டம், யோகம் என்று அலைந்த நாட்களில் தொழில் பரணிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கட்டெறும்புகளுக்கு அந்த வருஷம் நல்ல விளைச்சல். அம்மாதான் ஈர விறகை ஊதி ஊதிப் புகை போட்டு மிச்சத்தைக் காப்பாற்றினாள்.

இதற்கிடையில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். வெற்றிலைப் பழக்கம்கூட இல்லாத மனிதர். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அவள் அதை வாயால் சொல்லவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போன அன்று கிணற்றடியில் காரணமில்லாமல் பாடினாள், எனக்குப் போதும்.

எங்கள் மிஷன் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பது வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பார்கள். மாப்பிள்ளையின் சபையிலும் வாசிப்பார்கள், பெண்ணின் சபையிலும் வாசிப்பார்கள். அங்கே மூன்றும் முடிந்துவிட்டது. இங்கே இரண்டு முடிந்த வாரம், ஏதோ ஒரு கூட்டத்திலிருந்து அப்பா முகம் மலரத் திரும்பினார்.

"மூணாமத்தெ ஓலை இப்பம் வேண்டாம். எல்லை முடிவாகட்டு," என்றார்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. அவர் கையை விரித்து விளக்கினார். களியக்காவிளை எப்படியும் சென்னைக்குத்தான் போகும்; நம் ஊரும் சென்னையோடு சேர்ந்தால் அந்தச் சம்பந்தம் நல்லது. மலையாளத்தோடு நின்றுவிட்டால் அது பிற ராஜ்யத்துச் சம்பந்தம், தொழிலுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. அப்போது நெய்யாற்றின்கரைப் பக்கம் சர்க்கார் ஆபீஸில் இருக்கிற ஒருவனைப் பார்க்கலாம். இருவரையும் கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருப்பதுதான் புத்தி. பலகையைத் திருப்பி வைத்த மாதிரி மகளையும் திருப்பி வைத்துவிட்டார்.

ஓலை பாதியில் நின்ற பெண்ணை எங்கள் ஊர் சும்மா விடாது. "என்னவோ உண்டு, இல்லாட்டா நிறுத்துவாங்களா?" என்று குளத்தங்கரையில் பேச்சு தொடங்கிவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் ஒருநாள் நேரில் வந்தார். நின்றபடியே பேசினார்.

"எனக்க மகன் ஒண்ணும் சந்தையில நிக்க மாடில்ல. வாற ஞாயிறு ஓலை வாசிச்சா கல்யாணம் உண்டு. இல்லேன்னா நாங்க வேற இடம் பாக்கோம்."

அப்பா அவருக்கும் விரலை விரித்தார். அந்த அம்மாள் பெருவிரல் வரைக்கும்கூடக் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெய்யாற்றின்கரையில் பெரிய யோகம். பெரிய ஆட்கள் வருகிறார்கள், எல்லை எங்கே விழும் என்று அவர்கள் வாயிலிருந்தே தெரிந்துவிடும் என்று அப்பா கருக்கலிலேயே புறப்பட்டார். ஞாயிறு ஆராதனையை அவர் விட்டு நான் பார்த்தது அன்றுதான். போகிற வழியில் போதகரிடம், தான் சொல்லாமல் ஓலை வாசிக்கக் கூடாது என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போதகர் நல்லவர். ஆனால் சபைக் கோயில் கூரைக்கு ஓடு வாங்கிக் கொடுத்தது அப்பா. அந்த ஓடு போதகரின் தலையிலேயே இருந்தது.

பிரசங்கம் முடிந்தது. அறிவிப்புகள் தொடங்கின. வாலிபர் கூட்டம், அறுப்பின் பண்டிகைக் காணிக்கை, யாரோ ஒருவருக்குச் சுகமில்லை, ஜெபியுங்கள். அவ்வளவுதான் என்று போதகர் தாளை மடித்தார். என் பக்கத்தில் பாயிலிருந்து அக்கா எழுந்தாள். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்.

"ஐயரே, எனக்க ஓலை பாக்கி உண்டு."

கோயிலே திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து பாட்டுச் சத்தம் தவிர வேறு சத்தம் அங்கே வந்ததில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மோளே, அப்பா இல்லாத நேரத்துல..."

"தடை உள்ளவங்க சொல்லலாம்னு தானே ஓலையில உண்டு? வாசியுங்க. தடை உள்ளவங்க சொல்லட்டு."

அப்போது அம்மாவும் எழுந்தாள். வீட்டில் கணவனிடம்கூட உரக்கப் பேசாதவள். "வாசியுங்க ஐயரே" என்று மட்டும் சொன்னாள். உட்காரவில்லை. இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். போதகருக்கு வேறு வழியில்லை. தாளைப் பிரித்து வாசித்தார். தடை உண்டானால் இப்போதே சொல்லலாம் என்றார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. தடை சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தார். அவர் பெருவிரலைக் காப்பாற்ற நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்தார்.

சாயங்காலம் திரும்பியவர் விஷயம் கேட்டுக் குதித்தார், கத்தினார். பிறகு சபை முன்னால் வாசித்த ஓலையைத் தானே மறித்தால் கடைக்குப் பேர் கெடும் என்று யாரோ சொன்னதும் அடங்கினார். மறுவாரம் பார்த்தால், கல்யாணத்துக்கு ஊரை அழைத்துக்கொண்டிருந்தார். வெட்கம் என்பது எந்த விரலிலும் இல்லை.

எல்லை கடைசியில் விழுந்தது. நாங்கள் கேரளத்தில், அக்கா தமிழ்நாட்டில். கிழக்கே பனைகள், மேற்கே வாடிக்கைக்காரர்கள், நடுவில் செக்போஸ்ட். கடை மெல்ல மெல்ல மெலிந்தது. பலகை கடைசிவரை சுவரைப் பார்த்தபடியே இருந்து செல்லரித்தது. ஆனால் அப்பாவின் விரல்கள் மட்டும் மடங்கவில்லை. கடையைப் பூட்டி வீட்டோடு கிடந்த காலத்திலும் பார்க்க வருகிறவர்களிடம் விரித்தார். சொல்லிக்கொள்ளப் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது.

"ரெண்டு ராஜ்யத்திலயும் நமக்கு ஒரு கால் வேணும்னு அண்ணைக்கே கணக்குப் போட்டது நானாக்கும். அதுக்குத்தான் மூத்தவள அந்தப் பக்கம் குடுத்தது."

வந்தவர்கள் இதற்கும் தலையாட்டினார்கள். எடை போடக் கடைகூட இல்லை அப்போது.

ஒருநாள் இதை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா அங்கே இருந்தாள். அம்மா போன பிறகு வாரம்தோறும் பஸ் ஏறி எல்லை தாண்டி வந்து அவருக்குத் துணி துவைத்து, கஞ்சி வைத்துக் கொடுத்துப் போகிறவள் அவள்தான். வந்தவர் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, எனக்க மூணாமத்தெ ஓலை வாசிச்ச அண்ணைக்கு நீங்க எங்க போனிய?"

"நெய்யாற்றங்கரை யோகத்துக்கு. பெரிய யோகமில்லியா அது."

"அங்க என்ன பேசினாங்க?"

அப்பா மோட்டுவளையைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார். அக்கா கிண்ணத்தை நீட்டியபடி பொறுமையாக நின்றாள்.

"நெனவில்ல மக்கா," என்றார்.

அக்கா கரண்டியை அவர் கையில் வைத்து, அதைச் சுற்றி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.