மாடியில் பெருநாள், கீழே நோன்பு

பட்டையும் கிராம்பும் நெய்யில் பொரிகிற வாசனை மேலேயிருந்து கீழே இறங்கி வரும் என்பது எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. அடுப்பு வாசனை மேலே போகும் என்றுதானே நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீட்டு மாடிப்படியில் அது ஒவ்வொரு படியாக இறங்கி, கீழ்வீட்டு நடையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து சேர்ந்தபோது காலை எட்டு மணி இருக்கும். நான் நோன்பு பிடித்திருந்தேன். மாடியில் பெருநாள்.

இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் காதர் இங்கே வடகரையிலேயே, அவன் வாப்பா விட்டுப்போன தேங்காய் வியாபாரத்தைப் பார்க்கிறான். கீழ்வீட்டில் என்னோடு இருக்கிறான். இளையவன் யூசுப் வெகு வருஷமாக வளைகுடாவில் வேலை. மாடி அவன் கட்டியது. பெருநாளைக்கு அவனுக்கு லீவு கிடைக்காது, கிடைத்தால் டிக்கெட் கிடைக்காது. இந்தத் தடவைதான் நோன்பின் கடைசியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கினான். பெருநாள் அன்று அண்ணனும் தம்பியும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார வேண்டும், நான் பக்கத்தில் இருந்து கறியை அள்ளி வைக்க வேண்டும். இந்த நோன்பு முழுக்க அல்லாவிடம் நான் கேட்டது அது ஒன்றுதான். மூட்டுவலியைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

பிறை குறுக்கே வந்துவிட்டது.

உங்களுக்கு எங்கள் வழக்கம் தெரியாமல் இருக்கலாம். கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்று எங்களுக்குக் கடமை ஐந்து. சின்ன வயசில் ஓதப் போன இடத்தில் ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டது. அந்த ராகம் நிற்கவில்லை, இன்றைக்கும் புளி கரைக்கும்போது தானாக வாயில் வரும். அந்த ஐந்தில் நோன்பு மூன்றாவது. ரமலான் மாசம் முழுக்க, கிழக்கு வெளுக்கும் முன்னே சாப்பிட்டு முடித்தால், பொழுது அடையும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. மாசம் பிறப்பதும் முடிவதும் பிறையில். இருபத்தொன்பதாம் நோன்பு அன்று சாயங்காலம் மேற்கே பார்க்க வேண்டும். பிறை தெரிந்தால் விடிந்தால் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. பிறை பார்த்து நோன்பு பிடியுங்கள், பிறை பார்த்து விடுங்கள் என்று நபிகள் நாயகம் சொன்னது அவ்வளவுதான். இதில் எங்கே சண்டை வரப்போகிறது என்று தோன்றும்.

வரும். யார் பார்த்தது, எங்கே பார்த்தது என்பதில் வரும். வளைகுடாவில் தெரிந்தால் உலகத்துக்கே பிறை தெரிந்த மாதிரி என்கிறான் யூசுப். நம்ம பக்கத்தில் தெரிந்தால்தான் நமக்கு என்கிறது எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத். காதர் ஜமாஅத் பக்கம். பெருநாள் அன்று நோன்பு இருப்பது ஹராம், கூடவே கூடாது. நோன்பு நாளில் வேண்டுமென்றே நோன்பை விடுவது பெரும்பாவம். ஆக அந்த வெள்ளிக்கிழமை காலையில் மாடியைப் பொறுத்தவரை கீழ்வீடு பாவம் செய்துகொண்டிருந்தது, கீழ்வீட்டைப் பொறுத்தவரை மாடி. நான் நடுவில், மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு.

எட்டு மணிக்கே திடலில் பெருநாள் தொழுகை முடித்துவிட்டு யூசுப் வந்தான். புதுச் சட்டை, அத்தர் மணம். குனிந்து என்னைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னான். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த பெருநாள் ஸலாம்! அழுகை வந்துவிட்டது. அதற்குள் கையிலிருந்த அல்வாத் துண்டை என் வாய்க்கு நேரே நீட்டிவிட்டான்.

"வாயத் தொறங்கம்மா."

நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"இன்னைக்கி நோம்பு பிடிச்சா ஹராம்மா. ஒங்களுக்குத் தெரியாதா?"

உள்ளே படுத்திருந்த காதர் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "எலே, அவுங்கள விடு. நோம்புக்கு நிய்யத்து வச்சிட்டாங்க. ஒம் பெருநாள நீ மாடியில கொண்டாடு."

"நான் ஒன்கிட்ட பேசலியே. உம்மாகிட்ட சொல்லுதேன்."

அல்வாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். நெய் விரலிடுக்கில் வழிந்தது. நக்கவும் முடியாது, துடைக்கவும் மனசில்லை. காதர் சொன்னால் காதர் சரி, யூசுப் சொன்னால் யூசுப் சரி என்று தோன்றுகிற மண்டை எனக்கு.

வாசனையைப் பற்றி ஆரம்பித்தேன் அல்லவா. அந்த வாசனையில் எனக்கு ஞாபகம் வந்ததோ, வாசனையே இல்லாத ஒரு பெருநாள்.

எங்கள் மாசம் சந்திரனோடு போவதால், பெருநாள் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு காலம் வெயிலில் வரும், ஒரு காலம் மழையில் வரும். என் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது அது சாரலில் வந்து நின்றது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று சனங்கள் ஊர் ஊராகப் பஸ் ஏறி வரும் அந்தச் சாரல்தான் எங்களுக்குப் பகையாளி. பிறை மேற்கே தெரியும். எங்களுக்கு மேற்கே மலை. மலைக்கு மேலே மேகம். நோன்பு கடமையானது மதீனாவில் என்று ஓதிக்கொடுத்தார்கள். அங்கே மணலும் வானமும். ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்தபடியே பிறை பார்த்திருப்பார்கள். அந்தச் சட்டம் கப்பல் ஏறி, வியாபாரிகளோடு கரை இறங்கி, ஊர் ஊராக வந்து கடைசியில் நம்ம மலையில் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று எனக்குத் தோன்றும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடிப்பார்கள்.

அந்த வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பு. சாரலில் துணி காயாது. ஈரவாடை அடித்துக்கொண்டு கொடியிலேயே கிடக்கும். நோன்பு திறந்து தண்ணீர் குடித்த கையோடு அதை எடுக்கப் புறவாசலுக்குப் போனேன். மலைக்கு மேலே மேகம் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில், வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி, பிறை. பிள்ளையின் சட்டை கையிலிருந்து நழுவிச் சகதியில் விழுந்தது.

"மாமி! பிறை!"

என் மாமியார் கஞ்சிக் கோப்பையோடு வந்தார்கள். வருவதற்குள் கிழிசல் மூடிவிட்டது.

"எங்கட்டி? மேகத்தக் காட்டிப் பிறைங்கா. நோம்பு பசில கண்ணு சொருவிட்டாக்கும்."

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். சிரிக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஒரு பொம்பள பாத்தது பத்தாதாம். ரெண்டு ஆம்பள பாக்கணுமாம்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"ஒருத்தர் கேட்டாரு, ஒம் வீட்டுக்காரி அடுப்படிச் சன்னல்ல பாத்தாளா, அம்மிக் கல்லுல பாத்தாளான்னு."

எனக்குக் காது மடல் சுட்டது. பேசவே கூச்சப்படுகிற நான், வாழ்க்கையில் ஒரு தடவை ஊருக்கு ஒரு சேதி சொன்னேன், அதற்கு இந்தப் பதில். மறுநாள் ஊரோடு சேர்ந்து நானும் நோன்பு பிடித்தேன். கண்ணால் பிறையைப் பார்த்துவிட்டு நோன்பு. அந்த எரிச்சல் இன்னும் என் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

அந்த நோன்பு அன்று காலை பத்து மணி இருக்கும். கடையநல்லூரிலிருந்து சரக்கு எடுக்க ஒருத்தர் சைக்கிளில் வந்தார். தலையில் புதுத் தொப்பி. தெருமுனையிலேயே காலை ஊன்றிக்கொண்டு, "அங்கன தொழுகையே முடிஞ்சிட்டு! விடியக்காலையிலே போன்ல தாக்கல் வந்துட்டு. இங்கன என்னலே இன்னும் வாயக் கட்டிட்டு இருக்கீய?" என்று கத்தினார்.

பாருங்கள், அப்புறம் நடந்ததை. பள்ளிவாசலில் கொட்டு முழங்கியது. ஊரே அந்த நிமிஷம் தண்ணீர் குடித்தது. உச்சிப்பொழுதுக்குள் தொழ வேண்டுமே, ஆண்கள் சொட்டச் சொட்ட ஈரத்தலையோடு ஓடினார்கள். எல்லா வாயிலும் அல்லாஹு அக்பர் என்று தக்பீர், எல்லா வாயிலும் சிரிப்பு. தையல்காரர் சட்டைக்கு இன்னும் பொத்தான் வைக்கவில்லை. காதரும் யூசுப்பும் பொத்தான் இல்லாத சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வாப்பா பின்னால் ஓடினார்கள். கறிக்கடையில் ஆடு உயிரோடு நின்றது. எந்த வீட்டிலும் மசாலா அரைக்கவில்லை. பெருநாள் வாசனை ஒரு வீட்டிலும் இல்லை.

விடியும் முன்னே ஸஹருக்கு வடித்த சோறு கொஞ்சம் மீந்திருந்தது. அதைப் பெரிய தட்டில் கொட்டி, துவையலை நடுவில் வைத்து, அப்பளம் சுட்டுப் போட்டேன். என் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். யூசுப்புக்குத் துவையல் உறைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. காதர் தன் பக்கத்து அப்பளத்தை நொறுக்கி அவன் பக்கம் தள்ளினான். எதிர்வீட்டில் அவலாம். பக்கத்து வீட்டில் நேற்று வைத்த கஞ்சியாம். தெருவே வாசலில் நின்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

நீ பார்த்தது சரிதான் என்று ஒருத்தர் சொன்னாரா? சொல்லவில்லை. மாமியார் மட்டும் வெற்றிலை மென்றுகொண்டே, "ஏட்டி, அடுத்த பெருநாளைக்கிக் கொடியில துணி எடுக்கப் போவயில ரெண்டு ஆம்பளையக் கையோட இழுத்துட்டுப் போ" என்றார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கேயோ போய்விட்டேன். இந்த வருஷத்துக்கு வருகிறேன்.

பதினோரு மணிக்கு மேலே மாடி ஏறிப் போனேன். மருமகள் தனியாக அல்லாடுவாளே. வெங்காயம் நறுக்கிக் கொடுத்தேன். பிரியாணிச் சட்டியைத் திறந்து, கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து, "உப்புப் பாருங்க மாமி" என்று நீட்டியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாக்கில் வைத்துத் துப்பிவிடலாம் என்பார்கள். எனக்குத் துணிச்சல் இல்லை. உப்பு ஒரு பங்கு கூடத்தான் என்று நோன்பு திறந்தபின் வாயில் வைத்தபோது தெரிந்தது, அதுவரை யாரும் சொல்லவில்லை.

யூசுப் போனைக் காட்டினான். "பாருங்கம்மா, பிறை தெரிஞ்சிட்டுன்னு நேத்தே இதுல வந்துட்டு."

"நீ பாத்தியாலே?"

"நான் எதுக்கும்மா பாக்கணும்?"

கீழே வந்து காதரைக் கேட்டேன். "நேத்து சாயந்திரம் நீயாவது மேக்கே பாத்தியா?"

"ஜமாஅத்து குரூப்புல போட்டுட்டாங்கம்மா, பிறை தெரியலன்னு."

இப்போது பெருநாள் வெயில் காலத்துக்கு நகர்ந்து வந்திருக்கிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மலை துடைத்து வைத்த மாதிரி நிற்கிறது. ஆனாலும் என் வீட்டில் அண்ணாந்து பார்க்க ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை பொழுது அடைந்ததும் நோன்பைத் திறந்துவிட்டு நானே முட்டியைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். பளிச்சென்று நின்றது பிறை. இரண்டு பேரையும் கூப்பிட்டேன். மாடி வாசலிலிருந்து யூசுப், "அது ரெண்டாம் பிறைம்மா" என்றான். கீழே முற்றத்திலிருந்து காதர், "தலப்பிறைம்மா" என்றான். இரண்டு பேரும் பார்க்காமலே சொன்னார்கள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். தெருவுக்குக் கேட்கும் என்ற நினைப்புகூட இல்லாமல் கத்தினேன். "எந்தப் பிறையாவும் இருக்கட்டும்லே! நாளைக்கி மத்தியானம் ரெண்டு பேரும் ஒரு தட்டுல உக்காந்து திங்கணும். இல்லன்னா எனக்கு ரெண்டு பேர் பெருநாளும் வேண்டாம்!"

அப்புறம் யூசுப், "வாரேம்மா, அதுக்கு ஏன் கத்துதீய" என்றான். எதிர்வீட்டுச் சன்னல் சாத்திக்கொண்டது.

சனிக்கிழமை சொன்னபடி வந்தான். வீட்டில் உடுத்துகிற சாரத்தோடு, பனியனோடு வந்தான். காதர் அப்போதுதான் ஊரில் எல்லாருக்கும் ஸலாம் கொடுத்துவிட்டு நுழைகிறான். வெள்ளைச் சட்டை, தொப்பி, தோளில் யார் யாருடைய அத்தரோ. தம்பியைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தான். யூசுப் வலது கையை மட்டும் நீட்டினான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது; அவனுக்கு அது பெருநாள் இல்லை, சனிக்கிழமை. விரித்த கையில் ஒன்றை மடக்கிக்கொண்டு, காதர் மற்றதைக் கொடுத்தான்.

ஒரே தட்டில்தான் உட்கார்ந்தார்கள். நான்தான் கறியை அள்ளி வைத்தேன். அல்லாவிடம் கேட்டது கிடைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஒருத்தன் பெருநாள் சாப்பாடு சாப்பிட்டான், இன்னொருத்தன் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டான். தேங்காய் விலை பற்றிப் பேசினார்கள். விமானத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பேசினார்கள்.

ஊர் முழுக்கச் சேர்ந்து பிறையைத் தவறவிட்டு, சேர்ந்து தப்பாக நோன்பு பிடித்து, சேர்ந்து ஓடின அந்த மாதிரிப் பெருநாள் இனிமேல் வராது. இப்போது யாருக்கும் எதுவும் தப்புவதில்லை. பெருநாள் ஸலாம் எனக்கு இரண்டு நாளும் கிடைத்தது. என் பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் ஒரு நாளும் சொல்லிக்கொள்ளவில்லை.