நெஞ்சு நோவுக்குக் கேஸ்ட்ரிக் குளிசை

மருந்து விற்கும் பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவளிடம் பெண்களின் நோய் வருத்தம் நேரில் வருவதில்லை, கணவன்மார் வாய் வழியாகத்தான் வரும். பாலாவிச் சந்தியில் பதினொரு வருடமாக அந்த வாய்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாசிக்கிற சகோதரிகளே, நீங்களும் ஆளனுப்பிக் குளிசை வாங்கியவர்கள்தானே? கோபிக்காமல் கேளுங்கள்.

நேரில் வந்தவர்

கண்டக்குழியிலிருந்து கருவாடு கொண்டுவரும் மெட்டில்டா அக்கா மட்டும் தொடர்ந்து மூன்று நாள் நேரில் வந்தார். முதுகு நோகுது, சத்தி வாற மாதிரி ஓங்காளமாக இருக்குது, நாலு எட்டு வைத்தால் களைக்குது என்றார். நெஞ்சைப் பற்றி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று நாளும் கேஸ்ட்ரிக் குளிசை கொடுத்தேன்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். பெண்களுக்கு இப்படி முதுகு, தாடை, களைப்பு என்றும் வரலாம் என்று டொக்டர் சொன்னாராம். அக்கா பிழைத்தது அல்லாஹ்வின் கிருபை, என் கெட்டித்தனம் இல்லை. பார்க்கப் போய்க் கட்டிலருகில் அழுதேன். அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "அழாத பிள்ள, உன்ட குளிசை நல்லதுதான். வயிறு சுகமாத்தான் இருந்திச்சு."

கறி அடுப்பில்

அதன் பிறகு கேள்வி கேட்காமல் நான் குளிசை கொடுப்பதில்லை. லொறி ஓட்டும் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடும் அண்ணன், மனைவிக்கென்று கேஸ்ட்ரிக் குளிசை கேட்டு வந்தார். எங்கே நோகுது என்றால் தன் வயிற்றைத் தடவிக் காட்டுகிறார்! போனில் மனைவியையே பிடித்தேன். தாடையும் இடது கையும் இழுக்கிறதாம், வியர்த்துக் கொட்டுகிறதாம், அடுப்பில் மீன் கறியாம்.

அடுப்பை அணைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். நானா குளிசையையும் மறந்து ஓடினார். நேரத்தோடு போய்ச் சேர்ந்ததால் மனைவி தப்பினார். ஆனால் அன்று போனை வைக்குமுன் அந்தப் பெண் என்னிடம் சொன்னது இதுதான்: "ராத்தா, இன்னும் புளி விடல்லையே!"

கூட வரும் ஆள்

பக்கத்துத் தெரு மாமி மாதாமாதம் கணவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார். அவருடைய பிரஷர், சீனிக் குளிசைகளெல்லாம் மாமிக்கு மனப்பாடம். தனக்கு ஒரு நாளும் பார்த்ததில்லை. கட்டாயப்படுத்திக் கையில் பிரஷர் மெஷின் பட்டியைச் சுற்றினேன். நூற்றுத் தொண்ணூறு! உப்பைக் குறையுங்கள், நாளைக்கே கிளினிக்கில் காட்டுங்கள் என்றேன். மாமிக்குச் சிரிப்பு. "மெஷின மாத்து மகள். வருத்தக்காரர் அவருதான், நான் கூட வாற ஆள்."

கதிரை

போன நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் கடையில் சரியான சன நெரிசல். எனக்குத் தாடை நொந்தது, முதுகு வியர்த்தது. கவுண்டருக்கு முன்னால் உட்கார ஒரு கதிரை உண்டு, அது வருத்தக்காரருக்கு. ஆகவே நின்றபடியே, சகோதரிகளே, நான் என்ன விழுங்கியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

என்னோடு வேலை செய்யும் சிலாபத்து நிரோஷா அதைக் கண்டுவிட்டாள். கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றினாள். இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டிருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் இதை எழுத நான் இல்லை. வழியெல்லாம் நான் "வயித்துல கேஸ்தான், கேஸ்தான்" என்றேனாம். அவள் என் கையை விடாமல் சொன்னாள்: "அக்கா, வேற ஆள் வந்து இப்பிடிச் சொன்னா நீங்க ஏசி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்க."

வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிடும் நமக்கு, நெஞ்சு நோவையும் அதே வரிசையில் கடைசியாக நிறுத்தலாம் என்றுதான் நினைப்பு.