கேட்டுத்தான் ஓடினார்

சென்னியப்பன் மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் பால் சொசைட்டிக்காரர். "டீச்சர், டிரில் மாஸ்டரு உக்காந்தவாக்குல போயிட்டாருங்க" என்றார். நான் பாலை அளந்து ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தும் கடைசி சில ஆண்டுகளாக நானும் அவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பள்ளி மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது, "நல்லதை மட்டும் எழுத வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்" என்றேன். நீங்களே எழுதுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் அவர் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தார். நாமக்கல் பக்கத்தில் அப்போது ஓடுகிறவன் என்றால் ஒன்று திருடன், இல்லை பஸ்ஸைத் தவறவிட்டவன். மாஸ்டர் வந்த சில மாதங்களில் போஸ்ட்மாஸ்டர், ஆஸ்பத்திரி கம்பவுண்டர், துணிக்கடைக்காரர் எல்லாரையும் விடிகாலையில் காட்டுக்குள் ஓட வைத்துவிட்டார். ஊரைச் சுற்றி மூன்று வழிகள் பிடித்து வைத்திருந்தார். கரட்டு அடிவாரம் வரை போய்த் திரும்புவது முரடன் தடம். ஏரிக்கரையைச் சுற்றுவது வாத்தியார் தடம். மேடு பள்ளம் இல்லாமல், கடலைக் காட்டுக்கும் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் நடுவே தென்னை நிழலில் போவது நோஞ்சான் தடம். உடம்பு சரியில்லாதவர்களும், பருத்தவர்களும், வயதானவர்களும் அதில்தான் தொடங்க வேண்டும். அந்த நோஞ்சான் தடத்தின் பாதி தூரம் எங்கள் தோட்டத்து வரப்பு.

நானும் நோஞ்சான்தான். இரண்டு மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டும். சேலையைத் தூக்கிச் செருகி, கான்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு முதல் நாள் நான் ஓடியபோது களை எடுக்க வந்த பெண்கள், "டீச்சரம்மா ஊட்டுல பால் பொங்கிருச்சாட்டம் இருக்குது" என்று சிரித்தார்கள். நான் நின்றுவிட்டேன். மாஸ்டர் திரும்பி வந்து, "மூச்சு வாங்குனா நில்லுங்க டீச்சர். எவளாச்சும் சிரிச்சான்னு நிக்காதீங்க" என்றார். அந்த மனிதரைப் போல நல்ல வார்த்தை சொல்லத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. அதை மறைக்க எனக்கு மனம் இல்லை.

ஆனால் எங்கள் வரப்பில் கால் வைப்பதற்கு முன்பு அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னோடு ஓடுகிற ஐந்தாறு பேரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஏனுங்க, உங்க வரப்பு மேல காலையில கொஞ்சம் ஓடிக்கட்டுங்களா? நீங்க சரின்னாத்தான்" என்று என் கணவரிடம் கேட்டார். என் கணவர் யோசிக்கிற ஆள். நான்தான் உள்ளே கூப்பிட்டு, நல்ல மனிதர், சரி சொல்லுங்கள் என்றேன். அவர் வெளியே வந்து, "ஓடுங்க மாஸ்டர், வரப்பு தேஞ்சா போகுது? கடலைச் செடியை மட்டும் மிதிக்க வேண்டாமுங்க" என்றார். வந்தவர்கள் எல்லாரும் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

பல ஆண்டுகள் ஓடினோம். எனக்கு மூச்சுத் திணறல் போயிற்று. எண்பதுகளின் நடுவில் பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் ஜவ்வரிசி ஆலை போட்டார். கிழங்கு லாரி வர அவருக்கு நேர் வழி இல்லை. சுற்றிப் போக வேண்டும். ஒரு நாள் அவர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். எங்கள் வரப்பு வரப்பே இல்லையாம், காலங்காலமாக ஊர் சனம் புழங்கிய பொதுத் தடமாம். எங்கள் பக்கத்தில் தடத்துக்காக அண்ணன் தம்பியே எழவுக்கும் போகாமல் இருப்பார்கள். என் கணவருக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

வக்கீல் எங்களுக்கு விளக்கினார். ஒருவர் கேட்டு, நீங்கள் சம்மதித்து, அவர் நடந்தால் அது நீங்கள் செய்த உபகாரம். யாரையும் கேட்காமல் ஊரே நடந்தால் அது ஊரின் உரிமை. "அந்த டிரில் மாஸ்டர் வந்து கேட்டுத்தான் ஓடினேன் என்று சொன்னால் போதும்" என்றார். நான் சிரித்தேன். அப்படியானால் கவலையே இல்லை என்று வீட்டுக்கு வந்து வடை சுட்டேன். அவ்வளவு நம்பிக்கை.

மாஸ்டர் குப்பண்ணனின் சாட்சியாகக் கூண்டில் ஏறினார். பல வருஷமாக எல்லாரும் அந்த வழியில்தான் ஓடுகிறோம் என்றார். அது உண்மை. நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டீர்களா என்று எங்கள் வக்கீல் கேட்டார். மாஸ்டர் எங்கள் பக்கம் பார்க்காமல், "யாரையும் கேக்கலைங்க, அது பொதுத் தடம்" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் அன்று என்னைப் பார்த்த பார்வைக்காக மாஸ்டரை என்னால் மன்னிக்கவே முடியாது.

மறுநாள் பள்ளி மைதானத்தில் அவரை மறித்தேன். "கேட்டீங்களா, இல்லையா?" என்றேன்.

"கேட்டனுங்க டீச்சர்."

"அப்புறம்?"

"கேட்டேன்னு சொன்னா தடம் போயிருமுங்களே. நாளைக்கு உங்க பையன் நெலத்தை வித்துட்டா வாங்கறவன் கம்பி கட்டிருவான். பொதுன்னு ஆயிருச்சுன்னா எந்த நோஞ்சானும் எப்பவும் ஓடலாமுங்க. நான் எனக்காகச் சொல்லலைங்க."

குப்பண்ணனிடம் அவர் எதுவும் வாங்கவில்லை. எனக்குத் தெரியும். வாங்கியிருந்தால்கூட ஆறியிருப்பேன். எங்கள் மண்ணை எடுத்து ஊருக்குத் தானம் செய்ய இவர் யார்? அதுவும் என் வாயால் வாங்கிய சம்மதத்தை வைத்து?

தீர்ப்பு அவர்களுக்கு ஆயிற்று. வரப்பை வெட்டி அகலப்படுத்தினார்கள். இரண்டு வரிசைத் தென்னை போயிற்று. பிறகு லாரி, லாரி, லாரி. புழுதியிலும் கிழங்குத் தண்ணீரின் புளித்த நாற்றத்திலும் நோஞ்சான் என்ன, முரடனும் ஓட முடியாது. மாஸ்டர் ஒரு வாரம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தார். அப்புறம் அவரும் ஏரிக்கரைக்கே போய்விட்டார். என் கணவர் அதன் பிறகு யாருக்கும் ஒரு வாளித் தண்ணீர்கூட யோசிக்காமல் கொடுத்ததில்லை.

செய்தி வந்த அன்று, "போலாமுங்களா?" என்று அவரைக் கேட்டேன். "நீ போயிட்டு வா புள்ள. நான் வாரலை" என்றார். போனேன். பழைய ஓட்டக்காரர்கள் எல்லாரும் பந்தலில் இருந்தார்கள். கம்பவுண்டர் என் அருகில் வந்து மெதுவாக, "அன்னைக்கு உங்க ஊட்டுல நானும் இருந்தனுங்க டீச்சர். மாஸ்டரு கேட்டது எனக்கு நெனப்பிருக்குது" என்றார். வழக்கு நடந்தபோது வம்பு எதற்கு என்று எங்கள் வக்கீல் வீட்டுப் பக்கமே வராத மனிதர். செத்தவர் எழுந்து மறுக்க மாட்டார் என்றதும் வாய் வந்துவிட்டது. பந்தலில் நின்ற மற்றவர்களையும் பார்த்தேன். எல்லாரும் மோர் குடித்தவர்கள்தான். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

மாஸ்டரால் என்னிடம் இருப்பது இந்தத் திடமான மூச்சு. அது அவர் கொடுத்தது, இல்லை என்று சொன்னால் நன்றி கெட்டவளாவேன். அந்த மூச்சு இருக்கும்வரை நான் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். கோர்ட்டில் எழுதாமல் போனதை இந்த மலரிலாவது எழுதிவைக்கிறேன்: சென்னியப்பன் மாஸ்டர் எங்கள் வாசலில் நின்று கேட்டார். நாங்கள் சரி என்றோம்.