கல்லறை ஏத்தத்தில் ஒரு மௌனம்

இன்று காலை போனில் ஓர் அழைப்பிதழ் வந்தது. எங்கள் இசைப் பேராசிரியருக்குப் பாராட்டு விழாவாம். பெயருக்குக் கீழே ஆறு பட்டங்கள். எண்ணிப் பார்த்தேன், எதையும் எண்ணாமல் விட எனக்கு வராது. ‘பித்தளை வாத்தியக் கலைஞர்’ என்ற கடைசிப் பட்டம் மட்டும் உண்மை. ட்ரம்பெட் நன்றாகவே வாசிப்பார்.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்ததும் அவருடைய கல்லூரி ஒலிப்பதிவு அறையில்தான் என் முதல் வேலை. ட்ரம்பெட்டை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போவார். பிஸ்டனுக்குப் போட்ட தேங்காய் எண்ணெய் சூடேறி, அறையே தலை வாரிய வாசம் அடிக்கும். சாவு வீடு என்றால் கோட்டு மாட்டிக்கொண்டு பேண்ட் செட்டில் நிற்பார். நான் ரெக்கார்டரோடு பின்னால் நடப்பேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும் மேட்டு ஏத்தம் வந்ததும் பேண்ட் நின்றுவிடும். காரணம் அருளப்பன் அண்ணன். தோல் பதனிடும் ஷாப்பில் உழைத்துக் கெட்ட நெஞ்சு. யூபோனியம் என்ற பெரிய குழலைத் தூக்கிக்கொண்டு ஏத்தத்தில் ஊத முடியாது. “அவருக்கு மூச்சு வரட்டும், எல்லாரும் நிறுத்துங்கப்பா” என்பார் பேண்ட் மாஸ்டர். அவரை விட்டுவிட்டு யாரும் வாசிக்க மாட்டார்கள்.

பேராசிரியர் சாவு பேண்ட் பற்றி எழுதிய புத்தகத்தில் அது ‘மரணத்தின் முன் இசை தலைகுனியும் சடங்கு மௌனம்’ ஆகிவிட்டது. பதினோரு பக்கம். ஏன் இப்படி என்று அவரிடமே கேட்டேன்.

“மூச்சிரைப்புன்னு எழுதினா எவம்மா படிப்பான்?”

பேண்டில் வாசித்தவர்கள் பெயர்ப் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன். பக்கம் கூடிப்போகிறது என்று அதையும் எடுத்துவிட்டார். தன் பதினோரு பக்கம் கூடிப்போகவில்லை போலும்.

புத்தகம் வந்த வாரம் அருளப்பன் அண்ணன் ஒலிப்பதிவு அறைக்குப் படியேறி, மூச்சிரைத்துக்கொண்டே வந்தார். “எம் பேரு எந்தப் பக்கம் தாயி?”

“அடுத்த பதிப்புல வரும்ண்ணே.” என் யோக்கியதை அவ்வளவுதான்.

“சரி விடு. எனக்காண்டி இம்புட்டு வருசம் நின்னாய்ங்களே, அதாச்சும் போட்டிருக்கா?”

“போட்டிருக்குண்ணே. பதினோரு பக்கம்.”

“அடி ஆத்தீ! அம்புட்டா!” என்று சிரித்தார். இருமல் வந்தது.

அடுத்த பதிப்பு வருவதற்குள் அவர் போய்விட்டார். அவரைத் தூக்கிப் போன அன்று ஏத்தத்தில் யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் பேராசிரியர் கையை உயர்த்தி நிறுத்தினார். வெளியூரிலிருந்து படம் எடுக்க ஆள் வந்திருந்தது.

இப்போது எல்லா பேண்டும் அங்கே நிற்கிறது. இளசுகளைக் கேட்டால் சடங்கு என்கிறார்கள். ஒரு மனுசனுக்கு மூச்சு திரும்பட்டும் என்று பன்னிரண்டு பேர் காத்து நின்றது, அவர் எடுத்துவிட்ட அந்தப் பெயர்ப் பட்டியலோடு போயிற்று.