இரண்டாவது கத்தி

கும்மிடிப்பூண்டியில் எங்கள் மரப்பட்டறையின் இழைப்பு மெஷினுக்குக் கத்தி கட்டத் தெரிந்தவர் துலுக்காணம் அண்ணன் ஒருவர்தான். உருளையில் மூன்று கத்திகள். ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் ஒன்றை மெஷினின் பின்மேஜைமேல் வைத்து, அதன் முனையை உருளைக்கு மேலே நீட்டி, உருளையைக் கையால் மெல்லச் சுற்றுவார். ஒவ்வொரு கத்தியும் ரீப்பரை ஒரு நெல் நீளம் நகர்த்த வேண்டும். ஒரு கத்தி தூக்கலாக நின்று கூட நகர்த்தினாலும் பலகை வரிவரியாக வரும்.

எழுபத்து மூன்றாம் வருஷம் அவர் மனைவி கெங்கம்மாள் நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்து வந்த மனிதர் அழவில்லை. டீ கொடுத்தால் குடித்தார், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

அவர் வராத நாட்களில் இழைத்த கதவுப் பலகை எல்லாம் வரி. முதலாளி ஆதிநாராயணன் அண்ணனைக் கூப்பிட்டார்.

"நீ கட்டுன கத்திதானே? மூணு நாள் டைம். சரியாவலன்னா பெரம்பூர்லேர்ந்து வேற ஆளு வருவான்."

"சரிங்க," என்றார் அண்ணன். யாருக்கோ வேலை போவதுபோல.

இரண்டு நாள் இரண்டாவது கத்தியைத் தளர்த்தினார், தட்டினார், முடுக்கினார். அது மட்டும் இறங்கவில்லை. "கை போயிட்சி," என்றான் கூட வேலை செய்யும் பரசுராமன், அவர் காதுபடவே. அவர் மறுபடியும் தட்டினார்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாண்ணா, தட்டிக்கினே கீறியே! முழுசா கழட்டிப் பாரேன்!"

கழற்றினார். கத்தி உட்காரும் இடத்தில் காய்ந்து இறுகிய சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜைக்குக் கத்திகளைக் கழற்றி, அவை உட்காரும் இடத்திலும் பொட்டு வைப்போம். அந்த வருஷம் வைத்தவள் கெங்கம்மாள். மறுநாள் அண்ணன் மற்ற இரண்டையும் துடைத்துக் கட்டி முடித்தபோது, அவளுக்கு உடம்பு சுடுகிறதென்று ஆள் வந்தது. இரண்டாவதைத் துடைக்காமல் முடுக்கிவிட்டு ஓடியிருக்கிறார்.

உளியை எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

"நீ சொரண்டு. என்னால ஆவாது."

சுரண்டினேன். கத்தி உட்கார்ந்தது. மூன்றும் ஒரே அளவு நகர்த்தின. முதலாளி பலகையைத் தடவிப் பார்த்து, "பெரம்பூர் ஆளு வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் மெஷினடியில் குந்தினார். சுரண்டியதெல்லாம் அங்கேதான் உதிர்ந்திருந்தது. மரத்தூளும் அதே நிறம். விரலால் இப்படியும் அப்படியும் ஒதுக்கிப் பார்த்தார். எது சந்தனம், எது தூள் என்று தெரியவில்லை. அப்போதுதான் அழுதார்.