டீச்சர்னு கூப்பிட்ட குரல்

நம்பினா நம்புங்க, இல்லன்னா விடுங்க. பேய் ஆவின்னு யாராவது ஆரம்பிச்சாலே எழுந்து போற ஆள் நான். இதுலயும் எனக்குப் பயத்தை விடக் கோபம்தான் ஜாஸ்தி.

எங்கம்மா ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுபோச்சு. தாம்பரம் பக்கத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன். அம்மாவுக்கு லேசா மறதி உண்டு, அவ்வளவுதான். கணக்கு டீச்சரா இருந்தவங்க, இன்னிக்கும் வாய்ப்பாடு தப்பாது. ஆனா மறதின்னு நான் வாய்விட்டுச் சொன்னதோட போச்சு, யாருமே அவங்களை மனுஷியாவே பார்க்கல. டாக்டர் எங்கிட்ட மட்டும்தான் பேசினார். ஆபரேஷன் முடிஞ்சு, எங்க இருக்கோம்னே புரியாம டியூபைப் பிடிச்சு இழுத்தாங்கன்னு, ரெண்டு கையையும் துணியால கட்டில் கம்பியில கட்டிப் போட்டுட்டாங்க. வலிக்குதுன்னு அழுதா, "பாட்டிக்கு மறதி மேடம், இப்பதான் ஊசி போட்டோம்"னு பதில். ஆபரேஷனுக்குன்னு கழட்டின காது மெஷினையாவது மாட்டி விடுங்க, காதே கேக்காம என்ன புரியும்னு சண்டை போட்டேன். "கழட்டி எறிஞ்சிடுவாங்க, நீங்களே வெச்சுக்கங்க"ன்னு டப்பாவை என் கையில திணிச்சாங்க. ஹேண்ட்பேக்ல போட்டு ஜிப்பை மூடினேன்.

மத்தியானம் கேன்டீன்ல ஒரு காபி குடிச்சிட்டு பேகோட திரும்பி வரேன், ரூம் கதவு சாத்தியிருக்கு, உள்ள ஒரு ஆம்பளைக் குரல், ரொம்ப நிதானமா: "டீச்சர், இது ஆஸ்பத்திரி. நீங்க விழுந்துட்டீங்க, இடுப்புல ஆபரேஷன் ஆச்சு. பயப்படாதீங்க, உங்க பொண்ணு இப்ப வந்துடுவாங்க."

அப்பாடா, புத்தியுள்ள ஒருத்தனாவது இங்க இருக்கானேன்னு கதவைத் திறந்தா, அம்மா மட்டும்தான். ரெண்டு கையும் அவிழ்ந்து கிடக்கு. காதுல மெஷின். சத்தியமா சொல்றேன், பேகைத் திறந்து பார்த்தேன், டப்பா இருக்கு, உள்ள காலி.

சிஸ்டர் ஓடி வந்து, "யாரைக் கேட்டு அவிழ்த்தீங்க?"ன்னு என் மேலயே பாய்ஞ்சாங்க. நான் போட்ட சத்தத்துல அந்த ஃப்ளோரே எட்டிப் பார்த்துச்சு. யாருமே உள்ள போகலைன்னு சாதிச்சாங்க. சரி, அப்படியே வெச்சுக்குவோம், ஆனா அம்மா டீச்சர்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாதே, கேட்டாத்தானே தெரியும், எல்லாருக்கும் அவங்க பாட்டிதான்.

அதுக்கப்புறம் அவங்க கையை நான் கட்ட விடல. அம்மாவும் தெளிஞ்சாங்க, இப்ப வாக்கர் பிடிச்சு நடக்கறாங்க. ஆனா அன்னிக்கு சிஸ்டர் போனதும், "யாரும்மா வந்தது?"ன்னு கேட்டேன். அம்மா என்னைத் தாண்டிப் பார்த்தாங்க. "உன் பின்னாடிதானே நிக்கறான், உட்காரச் சொல்லேன்"னாங்க.

இன்னிக்கும் லிஃப்ட்ல ஏறினா முதுகைச் சுவத்தோட ஒட்டிக்கிட்டுத்தான் நிக்கறேன்.